கற்பனைக்கும் கரண்ட் பில் உண்டு!

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்கூடம். பெயர் வேண்டாம். வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற இடம். வேறு ஒரு கட்டுரைக்காகப் போயிருந்தேன். முதலாளி டீ சொல்லிவிட்டு, டிராயரிலிருந்து மின்சார பில்லை எடுத்து மேஜை மேல் போட்டார்.

"பாருங்க சார், பவர் ஃபேக்டர்னு ஒரு வரி போட்டு காசு புடுங்குறாங்க. நான் எரிக்காத கரண்ட்டுக்கு எதுக்கு சார் பில்லு?"

அதே அறையின் மூலையில் அவர் மகன். பிளஸ் டூ. மடியில் கணிதப் புத்தகம், கலப்பு எண்கள் பாடம். சும்மா பேச்சுக் கொடுத்தேன். "ஐ ஸ்கொயர் மைனஸ் ஒன், அங்கிள்" என்றான், சரக்கு ரயில் மாதிரி நிற்காமல். "அப்படின்னா என்ன தம்பி?" என்று கேட்டதும் ரயில் நின்றுவிட்டது. "தெரியல அங்கிள். அது கற்பனை எண். இல்லாத எண்ணு. எங்க மிஸ் கேள்வி கேக்காம அப்படியே எடுத்துக்கச் சொன்னாங்க. அஞ்சு மார்க் வரும்."

அப்பா கையில் இருந்த பில்லும் மகன் கையில் இருந்த பாடமும் ஒன்றே என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. நான் படித்தது பி.காம். எனக்கும்தான் தெரியாது. வீட்டுக்கு வந்து நாலு புத்தகத்தைப் புரட்டிப் படித்தபோது முதலில் வந்தது ஆச்சரியம். அடுத்து வந்தது கோபம்.

கோபம் அந்த டீச்சர் மேல் இல்லை. அவருக்கும் ஒரு டீச்சர் அப்படித்தான் சொல்லியிருப்பார். 'கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்' என்பதையே ஒரு பாடமுறையாக வைத்திருக்கிறோமே, அதன் மேல்தான் கோபம்.

தகராறு பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறது. இருபடிச் சமன்பாட்டில் தன்மைகாட்டி மைனஸில் வந்தால் 'மெய்யெண் மூலங்கள் இல்லை' என்கிறது புத்தகம். ரொம்ப ஜாக்கிரதையான வாக்கியம். வகுப்பறையில் அது 'விடையே இல்லை' என்று சுருங்கிவிடுகிறது. இரண்டு வருஷம் கழித்து அதே கணக்குக்கு விடை இருக்கிறது என்று சொன்னால், பையன் யாரைத்தான் நம்புவான்?

மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து மாநிலத்துக்காரர். கி.பி. 850 வாக்கில் கர்நாடகத்தில் வாழ்ந்த மகாவீரர். தப்பில்லை. எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் வராதே! அவருக்கு இருநூறு வருஷம் முன்பே, 628-ல் பிரம்மகுப்தர் மைனஸ் எண்ணுக்குக் 'கடன்' என்று பெயர் வைத்து விதிகள் எழுதிவிட்டார். அதனால்தான் காமர்ஸ் பசங்களான எங்களுக்கு மைனஸைக் கண்டு பயமே கிடையாது. கடன் யாருக்குத்தான் தெரியாது? அந்த மாதிரி ஒரு நல்ல பெயர் இந்த 'ஐ'-க்குக் கிடைக்கவில்லை. 1637-ல் பிரெஞ்சுக்காரர் தெகார்த் 'கற்பனை' என்று எழுதினார். சனியன், அதுவே ஒட்டிக்கொண்டது. 1831-லேயே கணித மேதை காஸ், குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இந்தப் பெயர்தான் என்று நொந்துகொண்டார். பக்கவாட்டு எண் என்கிற மாதிரி பெயர் வைத்திருக்கலாம் என்பது அவர் யோசனை. யார் கேட்டார்கள்?

பக்கவாட்டு என்றதும் பள்ளிக்கூட என்.சி.சி. நினைவுக்கு வரட்டும். எண்கோட்டில் வலப்பக்கம் பார்த்து நில்லுங்கள். மைனஸ் ஒன்றால் பெருக்குவது என்றால் அபௌட் டர்ன். அப்படியே திரும்பி இடப்பக்கம் பார்ப்பீர்கள். சரி, ஒரே வேலையை இரண்டு தரம் செய்து அபௌட் டர்ன் வரவேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? லெஃப்ட் டர்ன், மறுபடி லெஃப்ட் டர்ன். முடிந்தது! அந்த ஒரு லெஃப்ட் டர்ன்தான் 'ஐ'. இரண்டு தரம் போட்டால் மைனஸ் ஒன்று. நாலு தரம் போட்டால் பழைய இடம். இதில் கற்பனை எங்கே வந்தது?

இந்தப் படத்தை முதலில் போட்டவர் பெரிய பேராசிரியர் இல்லை. காஸ்பர் வெசல் என்று ஒரு சர்வேயர். நிலம் அளக்கிறவர். 1797-ல் டென்மார்க் அறிவியல் கழகத்தில் கட்டுரையாக வைத்தார். சுமார் நூறு வருஷம் ஒருவரும் சீந்தவில்லை. (சர்வேயர் சொன்னால் பட்டா விஷயத்திலேயே ஒரு பயலும் கேட்பதில்லை.)

'இல்லாத எண் எதற்குப் பயன்?' என்று பையன் கேட்டால் அவனுக்கு ஓசூர்க்காரன் பாணியில் பதில் சொல்லலாம். ஓசூரிலிருந்து ஈரோடு மாவட்டத் தாளவாடிக்குப் போகவேண்டும். இரண்டும் தமிழ்நாடு. ஆனால் சுருக்கு வழி கனகபுரா, கொள்ளேகால் என்று கர்நாடகத்துக்குள் நுழைந்து போகிறது. 1572-ல் இத்தாலியர் பாம்பெல்லி செய்த வேலையும் இதேதான். ஓர் எண்ணின் முப்படி, அந்த எண்ணின் 15 மடங்கோடு நாலைக் கூட்டியதற்குச் சமம் என்றால் அது என்ன எண்? நாலு. நாலின் முப்படி 64. நாலு பதினஞ்சு 60, கூட்டு நாலு, 64. கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்தக் காலத்துச் சூத்திரத்தில் போட்டால் நடுவே மைனஸ் 121-க்கு வர்க்கமூலம் வந்து நிற்கிறது. மற்றவர்கள் அங்கேயே வண்டியைத் திருப்பினார்கள். பாம்பெல்லி எல்லையைத் தாண்டி ஓட்டினார். கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மறுபக்கம் நாலு வந்து நின்றது. இந்தக் கதை சொல்லப் பத்து நிமிஷம் ஆகுமா? அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல்தான் நாற்பது கணக்கை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

மனப்பாடம் எப்படிக் காலை வாரும் என்பதற்கும் கணக்கு உண்டு. மைனஸ் 4-ன் வர்க்கமூலத்தை மைனஸ் 9-ன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை முதலில் பெருக்கி, 36-க்கு மூலம் எடுத்து, 6 என்பான் பையன். தப்பு. இரண்டு 'ஐ', மூன்று 'ஐ', பெருக்கினால் மைனஸ் 6. உள்ளே பெருக்குகிற விதி, இரண்டுமே மைனஸாக இருந்தால் செல்லாது. லெஃப்ட் டர்ன் தெரிந்தவன் இதில் மாட்டமாட்டான். இரண்டு தரம் திரும்பியவன் எதிர்ப்பக்கம்தானே பார்ப்பான்?

முதலாளியின் பில்லுக்கு வருவோம். மோட்டாருக்கு இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். ஒன்று தண்டைச் சுற்றுவது. இன்னொன்று உள்ளே காந்தப்புலத்தை உண்டாக்குவது. இரண்டாவது செலவாகிற சமாசாரம் இல்லை. வீட்டு அட்வான்ஸ் மாதிரி. வாடகை போனால் போனது, அட்வான்ஸ் திரும்பி வந்துவிடும். ஆனாலும் புரட்டிக் கொடுத்தாகவேண்டும் அல்லவா? இந்த அட்வான்ஸ் விநாடிக்கு நூறு தரம் போய்ப்போய் வருகிறது. மின்வாரியத்தின் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் அதைச் சுமக்கின்றன. அந்தச் சுமைக்குத்தான் முதலாளி திட்டுகிற வரி.

இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் வழியைக் காட்டியவர் ஸ்டைன்மெட்ஸ். 1893-ல் சிகாகோ மாநாட்டில். ஒன்றை மெய்ப் பகுதியாக வை, மற்றதைக் கற்பனைப் பகுதியாக வை என்றார். நம் தொழிற்கூடம் 160 கிலோவாட் இழுக்கிறது, அட்வான்ஸ் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 கூட்டல் 120 'ஐ'. இதன் மட்டு 200. அதாவது கம்பி சுமப்பது 200 கே.வி.ஏ. 160-ஐ 200-ஆல் வகுத்தால் 0.8. இதுதான் பவர் ஃபேக்டர். உயரழுத்த இணைப்பில் 0.90-க்குக் கீழே போனால் தண்டம். கெபாசிட்டர் போட்டால்? அது எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிற ஆசாமி. 60-க்கு ஒரு கெபாசிட்டர் மாட்டினால் கற்பனைப் பகுதியில் 60 கழிகிறது. மிச்சம் 160 கூட்டல் 60 'ஐ'. மட்டு கிட்டத்தட்ட 171. பவர் ஃபேக்டர் 0.93-ஐத் தாண்டிவிடும். தண்டம் போச்சு! பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கிற கூட்டலும் மட்டும்தான் இவ்வளவும்.

"எல்லாப் பையனும் மோட்டார் மாட்டவா போறான்?" என்று கேட்பீர்கள். ஓசூரில் மாட்டத்தான் போகிறான் சார்! அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் இருக்கிற ஊர். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தயாராகிற மாவட்டம். பத்தாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் சேருகிற பையனுக்கு இதே எண் வேறு வேஷத்தில் வருகிறது. மின்னோட்டத்துக்கு 'ஐ' போய்விட்டதால் இங்கே 'ஜே'. பள்ளியில் 'ஐ'-யையே பார்க்காதவன், 'ஜே'-யைப் பார்த்து முழிக்கிறான். அரியர் வைக்கிறான். நமக்கு மேத்ஸ் வராது என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் அவன் டிப்ளமோ முடிப்பானா, இல்லை அதே கம்பெனி கேட்டில் ஒப்பந்தக் கூலியாக வரிசையில் நிற்பானா என்பது முடிவாகிறது. வீட்டில் அப்பாவுக்கும் அது தெரியாது. பையனுக்கு மூளை அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்.

புதிய பாடப் புத்தகத்தில் படங்கள் இருக்கின்றன. எழுதியவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பறையில் புத்தகத்தை யார் திறக்கிறார்கள்? கைடுதான் ஓடுகிறது. பழைய வினாத்தாளில் எத்தனை தரம் வந்தது என்று நட்சத்திரம் போட்ட கைடு. பெற்றோர்களான நீங்களும் நானும்தான் அதைக் காசு கொடுத்து வாங்கித் தருகிறோம்.

போன வாரம் அந்த முதலாளிக்கு போன் போட்டு, அடுத்த பில் வந்ததும் பையனிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள் என்றேன். "அவனுக்கு ரிவிஷன் டெஸ்ட் சார், தொந்தரவு பண்ண வேண்டாம்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க" என்றார்.