அளவுகோல் யாருடையது?

யந்திரத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது என்று படித்தவர்கள்கூடச் சொல்லுகிறார்கள். அது நிறம் பார்க்காதாம், குலம் கேட்காதாம், கண்ணையும் மூக்கையும் அளந்து கணக்கை மட்டும் சொல்லுமாம். நல்லது. அளக்கிற கோலை வெட்டிக் கொடுத்தது யார் என்று நாம் கேட்க வேண்டாமா?

2001-ஆம் ஆண்டில் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர், ஓடும் படத்தில் முகம் எங்கே இருக்கிறதென்று விநாடிக்கு 15 தடவை கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னார்கள். தந்திரம் எளியது. கன்னத்தைவிடக் கண்ணிருக்கும் இடம் இருட்டு. மூக்குத் தண்டு வெளிச்சம். இந்த இருட்டையும் வெளிச்சத்தையும் கட்டம் கட்டமாகக் கழித்துப் பார்ப்பதுதான் வேலை. யந்திரம் பாடம் படித்ததோ, மனிதர் பொறுக்கிக் கொடுத்த 4,916 முகங்களை வைத்து!

முகத்தை மேடு பள்ளத்தோடு உருவாக்கும் வித்தையும் இப்படித்தான். பல முகங்களை அளந்து ஒரு சராசரி முகம் செய்கிறார்கள். பிறகு வருகிற முகத்துக்கெல்லாம் அதையே இழுத்தும் அமுக்கியும் பொருத்துகிறார்கள். 2009-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் பல்கலைக் கழகம் வெளியிட்ட பிரசித்தமான மாதிரிக்கு முகம் கொடுத்தவர்கள் 200 பேர், பெரும்பாலோர் ஐரோப்பியர். சராசரி என்றால் யாருடைய சராசரி?

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த ஜாய் புவலாம்வினி கறுப்பினப் பெண். அவருடைய முகம் காமிராவுக்கு முகமாகவே தெரியவில்லை. வெள்ளை முகமூடியை மாட்டிக்கொண்டார், உடனே தெரிந்தது! 2018-ல் அவரும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனிகளின் யந்திரங்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் நூற்றுக்கு ஒரு பிழைகூட இல்லை. கறுத்த பெண்களிடம் ஒரு யந்திரம் செய்த பிழை நூற்றுக்கு 34.7.

கதாசிரியன் ஒரு முகத்தைத் தப்பாக வர்ணித்தால், வாசகர் கடிதம் எழுதித் திட்டுவார், அத்தோடு போயிற்று. யந்திரம் தவறினால் விலங்கு வருகிறது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகரப் போலீசார், யந்திரம் காட்டிய அடையாளத்தை நம்பி, திருடாத ஒரு கறுப்பரை மனைவி மக்கள் கண்ணெதிரே பிடித்துப் போனார்கள். ஏறக்குறைய 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். யந்திரத்தின் சொல்லை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்று அந்த நகரம் ஒப்புக்கொள்ள 2024 வரை ஆயிற்று.

“பிற்பாடு திருத்திவிட்டார்களே!” என்பீர்கள். வாஸ்தவம். 2016-லேயே ஏறக்குறைய 10,000 முகங்களைச் சேர்த்து வேறு மாதிரி செய்தார்கள். ஆனால் திருத்த முடிந்தது என்பதே நான் சொல்வதற்கு அத்தாட்சி. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று தீர்மானித்தவன் மனிதன். பழியை மட்டும் யந்திரத்தின் தலையில் போட்டுவிட்டு அவன் நழுவலாமா?

படியைக் காட்ட மறுக்கிற கடைக்காரனிடம் நாம் அரைப்படி அரிசிகூட வாங்குவதில்லை. முகத்தைக் கேட்கிறவனிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்?