‘டெம்ப்’பில் வைத்த கோப்பு எங்கே போகிறது?

லினக்ஸ் கணனியில் ‘டெம்ப்’ என்றொரு கோப்புறை உண்டு. மென்பொருட்கள் வேலையின் நடுவே தமக்குத் தேவைப்படும் தற்காலிகக் கோப்புகளை அங்கேதான் போட்டு வைக்கின்றன. யாரும் எழுதக்கூடிய இடம் என்பதால் அவசரத்துக்கு நாமும் அங்கே ஒன்றைப் போட்டுவிடுகிறோம். மின்னஞ்சலில் வந்த விண்ணப்பப் படிவத்தைச் சேமிக்காமல் நேரே திறந்தாலும், அதன் பிரதி பெரும்பாலும் இத்தகைய தற்காலிக இடத்தில்தான் இருக்கும். பாதி நிரப்பும்போது மின்சாரம் போகிறது. திரும்பி வந்தபின் தேடினால் படிவமும் இல்லை, நிரப்பியதும் இல்லை.

கணனியில் கோளாறு எதுவும் இல்லை. 2025 ஓகஸ்ட்டில் வெளியான டெபியன் 13, டெம்ப் கோப்புறையை வன்தட்டில் வைக்காமல் ரம் நினைவகத்திலேயே வைக்கிறது. ஃபெடோராவில் 2013 முதலே இந்த ஏற்பாடு உண்டு. மின்சாரம் நின்றதும் ரம்மில் உள்ளவை போய்விடும். இன்னொன்று: டெபியனில் இக்கோப்புறை ரம்மின் பாதி வரை நிரம்பலாம். ரம் குறைந்த பழைய மடிக்கணனியில் பெரிய வீடியோவை அங்கே இறக்கினால் கணனியே திணறிப்போகும்.

‘வார்’ என்ற கோப்புறைக்குள் இன்னொரு டெம்ப் இருக்கிறது. கணனியை நிறுத்தி மீண்டும் தொடக்கினாலும் அதிலுள்ளவை அழியா. அதற்காக அதை அலுமாரியாக நினைத்துவிட வேண்டாம். டெபியன் 13ஐப் புதிதாக நிறுவினால், முதலாவது டெம்ப்பில் 10 நாளும் இரண்டாவதில் 30 நாளும் தொடப்படாது கிடக்கும் கோப்புகள் தாமாகவே நீக்கப்படும். சங்கக் கணக்கை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதுவானாலும் முதலில் உங்கள் ‘ஹோம்’ கோப்புறையில் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பலர் பாவிக்கும் கணனியானால் வேறொரு கவலையும் உண்டு. டெம்ப்பில் உள்ள உங்கள் கோப்பை மற்றப் பயனர்கள் அழிக்க முடியாது. ஆனால் அனுமதி திறந்திருந்தால் வாசிக்கலாம். அடையாள அட்டைப் பிரதியை அங்கே வைக்கவே வேண்டாம். சிறு நிரல் எழுதுபவர்கள் ‘எம்கே டெம்ப்’ கட்டளையால் தற்காலிகக் கோப்பை உருவாக்கினால், உரியவர் மட்டுமே அதைத் திறக்கலாம்.

உங்கள் கணனி எப்படி என்று அறிய, கட்டளைத் திரையில் டி, எஃப் என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தட்டுங்கள். டெம்ப்புக்கெனத் தனி வரி வந்து, அதன் தொடக்கத்தில் ‘டெம்ப்எஃப்எஸ்’ என்றிருந்தால் அது ரம்மில்தான் இருக்கிறது.