பாப் கிராட்சிட்டின் பதினைந்து ஷில்லிங்



பழைய ஆங்கில நாவல்களில் ஷில்லிங், பென்ஸ் என்று வரும் இடங்களை நம்மில் பலர் மேலோட்டமாகப் பார்த்துத் தாண்டிவிடுகிறோம். இனி அங்கே கொஞ்சம் நின்று, காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பக்கம்.

பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 வரும்வரை 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக, பவுண்டுக்கு 240 பென்ஸ். மூன்றால் வகுத்தாலும் எட்டால் வகுத்தாலும் மிச்சம் விழாத எண். எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது இரண்டரை ஷில்லிங்குக்கு, தனி நாணயமே இருந்தது. பெயர் அரை கிரவுன். இவ்வளவு தெரிந்தால் போதும்.

டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம். ஆண்டு முழுக்க உழைத்தால் 39 பவுண்டு. வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்று வைத்து, 180 பென்ஸை ஆறால் வகுங்கள். முப்பது பென்ஸ், சரியாக அரை கிரவுன்! கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக நிற்கும் பாப்பிடம், அதற்கு அரை கிரவுன் பிடித்தால் உனக்குக் குறையாக இருக்குமே என்று முதலாளி ஸ்க்ரூஜ் குத்திக்காட்டுகிறார். ஒரு பென்னி கூடாமல் குறையாமல் அது ஒரு நாள் கூலி. கோபத்தில் பேசும்போதும் அந்த மனிதரின் மனம் பேரேட்டை விட்டு நகரவில்லை. எனக்கு ஸ்க்ரூஜ் முழுதாகப் புலப்பட்டது இந்த வகுத்தலில்தான்.

அதே கதையில், மகன் பீட்டருக்கு வாரம் ஐந்தரை ஷில்லிங்கில் ஒரு வேலை பார்த்திருப்பதாக பாப் வீட்டில் சொல்கிறார். குட்டிகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. பீட்டரோ, வரப்போகும் பணத்தை எதில் போடுவது என்று நெருப்பைப் பார்த்தபடி யோசிக்கிறான். கூட்டிப் பாருங்கள்: இருபதரை ஷில்லிங். அப்பா, மகன் சம்பளம் சேர்ந்து ஒரு பவுண்டைத் தாண்டுகிறது. டிக்கன்ஸ் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தந்தை கடனுக்காகச் சிறையில் இருக்க, பன்னிரண்டு வயதில் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வாரம் ஆறு ஷில்லிங்குக்கு வேலை பார்த்தவர் அவர். ஐந்தரை ஷில்லிங்கின் கனம் அவருக்குத் தெரியும்.

வேறு நாவல்களில் கினி என்று வந்தால் 21 ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலமாரியில் உள்ள நாவல்களில் இப்படிக் கணக்குகள் அகப்பட்டால், போட்ட விடையோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்