மாங்காய் வண்டி காலியாகத் திரும்பினால்...

நாட்டின் சரக்குப் போக்குவரத்து, கிடங்கு உள்ளிட்ட செலவு 2023-24ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.97 சதவீதம் என 2025ல் மத்திய அரசு மதிப்பீடு வெளியிட்டது. அதற்கு முன் 13, 14 சதவீதம் என்றே பல ஆண்டுகள் பேசி வந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் ராஜபாளையம் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் மண்டிக்குப் போய்ச் சேர ஆகும் செலவை இந்தச் சராசரி காட்டாது.

சரக்குப் போக்குவரத்தை உலகெங்கும் 'டன் கிலோமீட்டர்' கணக்கில் அளக்கிறார்கள். ஒரு டன்னை ஒரு கி.மீ. கொண்டு சென்றால் ஒரு டன் கி.மீ. ராஜபாளையத்தில் இருந்து மதுரை சுமார் 85 கி.மீ. மினி லாரியில் 2 டன் காய் போனால் 170 டன் கி.மீ. திரும்பும்போது வண்டி காலி. ஆக, ஓடியதும் 170 கி.மீ.; சராசரிச் சுமை ஒரு டன்தான்.

லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். போய்வர 17 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. டன்னுக்கு எட்டரை லிட்டர் என்று கணக்கை முடித்துவிட முடியாது. பறிப்பு முதல் விற்பனை வரை மாவில் சுமார் 9 சதவீதம் வீணாவதாக லூதியானா அறுவடைப் பின்செய் தொழில்நுட்ப நிறுவனத்தின் 2015 ஆய்வு சொல்கிறது. எல்லாச் சேதமும் வண்டியில் நேர்வதல்ல. ஆனாலும் 180 கிலோ கழிந்தால், விற்ற ஒரு டன்னுக்கு 9.3 லிட்டர் ஆகிறது. அழுகிய காய்க்கும் வாடகை உண்டு. அரசுக் கணக்கில் அதுவும் 'கொண்டு சென்ற சரக்கு' தான்!

திரும்பும்போது ஒன்றரை டன் உரமோ தீவனமோ ஏற்றி வந்தால், டீசல் சற்றுக் கூடினாலும் டன்னுக்கு 5 லிட்டர் அளவில் நிற்கும். சாலை அகலமானாலும் இந்தச் சிக்கனம் தானாக வராது. ரயிலுக்கு டன் கி.மீ.க்கு எரிபொருள் இன்னும் குறைவு. விருதுநகர் - செங்கோட்டை பாதை நம் ஊர்களின் வழியாகத்தான் போகிறது. ஆனால் ரயில் நிற்பதோ சில நிமிடம். சில்லறையாகக் கொண்டு போனால் ஏற்ற முடியாது. பலர் காயை ஒன்றுசேர்த்தால்தான் பேச முடியும்.

மாநிலங்களைச் செயல்பாட்டின்படி வகைப்படுத்தும் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் 'லீட்ஸ்' ஆய்வில் சரக்கு அனுப்புவோர், லாரித் தொழிலினர், முனையம் நடத்துவோரிடம் கேட்கிறார்கள். தோப்புக்காரர் கணக்கு அங்கே போக வேண்டுமானால் முதலில் அது எழுத்தில் இருக்க வேண்டும். ஏற்றிய எடை, விற்ற எடை, வாடகை, திரும்பிய சுமை என ஒவ்வொரு நடைக்கும் நான்கு எண்கள் போதும். ஒரு பருவத்துக்கு இருபது தோப்புகளில் இதை எழுத வைத்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சேகரிப்பு மையம் எங்கே தேவை என்பதைத் தோட்டக்கலை அலுவலர் எண்களோடு கேட்கலாம்.