ராசி பேசுவது விமர்சனம் ஆகாது

கீர்த்தி சுரேஷின் படம் ஒன்று ஓடவில்லை என்றால் போதும், பழைய ஏச்சுகளையெல்லாம் தூசி தட்டி எடுத்துவிடுகிறார்கள். சிரிப்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் வராதாம். அம்மா பெயரைச் சொல்லி உள்ளே வந்தவராம். நடிகை சாவித்திரியின் வாழ்க்கைக் கதையான 'மகாநடி'யில் ஜெயித்தது சாவித்திரியின் புகழும் ஒப்பனையும்தானாம். விமர்சனம் என்ற பெயரில் உலவும் இந்தப் பேச்சு அநியாயமானது.

சிரிப்பைப் பற்றிய கேலி 2016, 2017 வாக்கில் கிளம்பியது. 'ரஜினி முருகன்', 'ரெமோ', 'பைரவா' என்று பெரிய நாயகர்களின் படங்கள் அடுத்தடுத்து வந்த காலம். அவற்றில் கதாநாயகிக்கு என்ன வேலை இருந்தது? நாயகன் பின்தொடர வேண்டும், இவர் முறைக்க வேண்டும், இடைவேளைக்குள் மனம் மாறிச் சிரிக்க வேண்டும், பாட்டுக்கு ஆட வேண்டும். சிரிக்கும்படி எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை. எழுதியபடி சிரித்தவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் முகத்தைத் திரையில் நிறுத்தி, வசனத்தின் நடுவே வாய் கோணிய ஒரு நொடியை மட்டும் வெட்டியெடுத்து மீம் போட்டு ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள். அப்படி நிறுத்திப் பார்த்தால் எந்த மகா நடிகரின் முகமும் தப்பாது.

2018 மே மாதம் நாக் அஸ்வின் இயக்கத்தில் 'மகாநடி' வந்தது; தமிழில் 'நடிகையர் திலகம்'. அதில் ஒரு படப்பிடிப்புக் காட்சி: இடது கண்ணிலிருந்து மட்டும், அதுவும் இரண்டே சொட்டுக் கண்ணீர் வேண்டும் என்று கேட்கப்படுகிறது. சாவித்திரியாக நிற்கும் கீர்த்தி அதைக் கொடுக்கிறார். இன்னொன்று, 1957-இல் வந்த 'மாயாபஜார்' படத்தின் மறு ஆக்கம். அந்தப் படத்தில் சாவித்திரி, வத்சலாவின் உருவெடுத்து வந்த கடோத்கஜனாக நடித்திருப்பார். உடம்பு பெண்ணுடையது, மிடுக்கு அரக்கனுடையது. யாராவது பார்த்தால் சட்டென்று நாணம் வந்து ஒட்டிக்கொள்ளும். கீர்த்தி அதைத் திரும்பச் செய்யும்போது சாவித்திரியாகவும், கடோத்கஜனாகவும், வத்சலாவாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஒன்று நழுவினாலும் மற்ற இரண்டும் சரிந்திருக்கும். நழுவவில்லை.

வெறும் நகல் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சாவித்திரி நடித்த படங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகியிருக்கலாம், ஒப்புக்கொள்வோம். ஆனால் கணவரின் துரோகத்தைக் கண்ணால் கண்டு உடைந்துபோன சாவித்திரியை எந்தக் கேமரா படம் பிடித்தது? குடியில் கரைந்த இரவுகளும், சொத்து போன பின் தனித்திருந்த வீடும் எந்தப் பிரதியில் இருக்கின்றன? அந்தக் காட்சிகளுக்கு முன்மாதிரியே கிடையாது. படத்தின் கனமான பாதி அவற்றில்தான் நிற்கிறது. பருத்த உடம்பை ஒப்பனை தந்திருக்கலாம். அந்த உடம்புக்குள் இருந்து பார்த்த கண்களை ஒப்பனை தரவில்லை. 2019-இல் அறிவிக்கப்பட்ட சிறந்த நடிகைக்கான தேசிய விருது சரியான கைக்குத்தான் போனது.

வாரிசு என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. தாயார் மேனகா, ரஜினிகாந்தின் 'நெற்றிக்கண்' படத்தில் நடித்தவர். தந்தை சுரேஷ் குமார் மலையாளத் தயாரிப்பாளர். வாசல் எளிதாகத் திறந்திருக்கும். வாய்ப்பில்லாமல் வெளியே நிற்கும் திறமைசாலிகளின் கோபமும் நியாயமானதே. ஆனால் வாரிசு நாயகர்கள் வரிசையாகத் தோற்றாலும் அடுத்த படத்துக்குக் கட்அவுட் வைக்கும் ஊரில், அந்தக் கோபம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் மட்டும் இறங்குவது எப்படி நியாயமாகும்?

தோல்விக்குப் பழி சுமத்துவதிலும் இதே ஓரவஞ்சனைதான். படம் விழுந்தால் நாயகனுக்கு 'கதை சரியில்லை', கதாநாயகிக்கு 'ராசியில்லை'. எத்தனை நடிகைகளின் வாய்ப்பை இந்த ஒற்றைச் சொல் பறித்திருக்கிறது! உழைத்துப் பிழைக்கும் பெண்ணைச் சகுனம் பார்த்து ஒதுக்கும் பழக்கம் இது. திரைத்துறை இதற்கு வெட்கப்பட வேண்டும்.

'மகாநடி'க்குப் பிறகு என்ன செய்தார் என்று கேட்பவர்கள் 'சாணி காயிதம்' பார்க்கவில்லை போலும். 2022-இல் அருண் மாதேஸ்வரன் இயக்கிய படம். கணவனையும் மகளையும் தீயில் பறிகொடுத்த பொன்னி என்ற போலீஸ்காரி வேடம். புழுதி படிந்து, வன்மம் உறைந்த அந்த முகத்தில், கேலி செய்யப்பட்ட அந்தச் சிரிப்பைத் தேடினாலும் கிடைக்காது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் 'அண்ணாத்த' படத்தில் தங்கையாக அழுவதற்கு மட்டும் அழைக்கப்பட்டிருந்தார். நடிகை ஒருவரேதான், கையில் கொடுத்த தாள் வேறு.

அவர் நடிப்பில் குறை இருந்தால் தாராளமாக எழுதட்டும். எந்தப் படம், எந்தக் காட்சி, எங்கே பிசகியது என்று சொல்லட்டும். அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள அவர் கடமைப்பட்டவர். முகத்தையும் தாயாரையும் ராசியையும் இழுத்துப் பேசுகிறவர்களுக்கு அவர் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.