பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்து ஜெனரேட்டர் வாங்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில் நம்மில் பலரும் யு.பி.எஸ். விஷயத்தில் ஒருமுறையாவது ஏமாந்திருப்போம். "600 விஏ சார், எல்லாம் தாங்கும்" என்பார் கடைக்காரர். பின்பக்கம் பொடி எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்கு வந்து சி.பி.யு., மானிட்டர், ஸ்பீக்கர், போதாததற்கு லேசர் பிரிண்டர் என்று எல்லாவற்றையும் அதிலேயே சொருகுவோம். முதல் பிரிண்ட் கொடுத்த நொடியில் 'பீப்' என்று ஒரு அலறல். எல்லாம் அணைந்துவிடும்.

இதே தவறை, இதைவிடப் பல மடங்கு பணம் போட்டு, அமெரிக்காவில் ஒரு பாலைவனத்தின் நடுவில் என் நண்பர் செய்தார். கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன் என்பதால் பாதிப் பழி என்மேலும் உண்டு. அங்கே கற்ற பாடம் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் வாங்கப் போகும் உங்களுக்கும் பயன்படும் என்பதால்தான் கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஜெனரேட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் அதை ஆர்.வி. என்கிறார்கள். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி. ஓய்வு பெற்றவர்கள் முதல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்காரர்கள் வரை பலரிடமும் இருக்கிறது. கட்டணம் கட்டினால் மின்சாரம், தண்ணீர் இணைப்போடு நிறுத்த இடம் தருகிறார்கள். ஆனால் எந்த இணைப்பும் இல்லாத அரசு நிலத்தில் போய்த் தங்குவதில்தான் பலருக்கு ஆசை.

மூன்று வருடங்களுக்கு முன் நான் ப்ராஜெக்ட் வேலையாக அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் இருந்தேன். அங்கிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊர் இருக்கிறது. கோடையில் ஈ, காக்கை இருக்காது. ஜனவரியில் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கேரவன்கள்தான்! குளிர் தாங்காத வடமாநிலத்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்குகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தின் பல பகுதிகளில் 14 நாள் வரை கட்டணமில்லாமல் தங்கலாம். மின்கம்பமும் இல்லை, குழாயும் இல்லை. நண்பரும் அவர் மனைவியும் டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார்கள். ஒரு வாரம் அங்கிருந்தபடியே வேலை பார்ப்பது என்று திட்டம். நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தொற்றிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் ஜெனரேட்டர் வாங்கப் போனோம். பெட்டியில் 4500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒன்று மலிவாகக் கிடைத்தது. 'பெரிசாவே வாங்கிடலாம், பின்னால் உதவும்' என்று நண்பர் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அந்த 4500 என்பது மோட்டார் கிளம்பும் சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து எடுக்கக் கூடியது 3500 வாட்தான் என்று உள்ளே இருந்த புத்தகம் சொன்னது. அதே 600 விஏ கதை!

ஆனால் எங்கள் பிரச்சினை வாட் குறைந்தது இல்லை. அளவுக்கு மீறி இருந்ததுதான்.

முதல் நாள் மாலை அதை இயக்கினோம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்குமே, அந்தச் சத்தம். வண்டிக்குள் ரூட்டருக்காக நண்பர் வைத்திருந்த சின்ன யு.பி.எஸ். நிமிடத்துக்கு இரண்டு முறை 'டக்... டக்' என்று பேட்டரிக்கு மாறி மாறித் திரும்பியது. மைக்ரோவேவ் போட்டால் விளக்குகள் மங்கின. அரை மணி நேரம் போயிருக்கும். பக்கத்து வண்டிப் பெரியவர் ஒருவர் கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். காபிக்குக் கூப்பிட்டார். அவருடைய வண்டியில் எல்லா விளக்கும் எரிந்தது, டி.வி. ஓடியது. ஒரு சத்தமும் இல்லை.

"ஜெனரேட்டரில் வண்டியை ஓட்டப் பார்க்கிறீர்கள். நான் பேட்டரியில் ஓட்டுகிறேன். ஜெனரேட்டர் பேட்டரிக்குச் சார்ஜர், அவ்வளவுதான்" என்றார்.

இன்ஜினியரிங் படித்த இரண்டு பேருக்கு இது தோன்றவில்லை. நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் இதைத்தானே செய்கிறது? கரண்ட் இருக்கும்போது பேட்டரி நிரம்புகிறது, போனால் விசிறி ஓடுகிறது. கேரவனிலும் பேட்டரி உண்டு. அதை நிரப்பும் கன்வெர்ட்டர் என்ற சார்ஜரும் வண்டியோடே வருகிறது. ஜெனரேட்டருக்கு வேலை ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும்.

அன்று இரவே ஒரு தாளில் கணக்குப் போட்டோம். லேப்டாப் 60 வாட். இரண்டு லேப்டாப், ஆறு மணி நேரம்: 720 வாட் மணி. இண்டர்நெட்டுக்கு ஸ்டார்லிங்க் டிஷ், சுமார் 75 வாட், எட்டு மணி நேரம்: 600. வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறிக்கு 12 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்பியர் வேண்டும். இரவெல்லாம் விட்டு விட்டு ஓடினால் ஐந்து மணி நேரம், 450. எல்.இ.டி. விளக்கு, தண்ணீர் பம்ப், செல்போன் எல்லாம் சேர்ந்து ஒரு 150. மொத்தம் 2000 வாட் மணிக்குக் கொஞ்சம் குறைவு. கவனித்தீர்களா? ஒரு லேப்டாப்பைவிட இண்டர்நெட் அதிகம் தின்கிறது! டிஷ்ஷை இரவில் அணைக்காமல் விட்டால் தனியே 1800 வாட் மணி போய்விடும்.

இதைத் திரும்ப நிரப்ப என்ன வேண்டும்? நண்பரின் கன்வெர்ட்டர் 45 ஆம்பியர். அது முழு வேகத்தில் சார்ஜ் செய்யும்போது ஜெனரேட்டரிலிருந்து இழுப்பது சுமார் 800 வாட். லித்தியம் பேட்டரி என்றால் நான்கு மணி நேரத்துக்குள் அந்த நாள் செலவு திரும்பிவிடும். 800 வாட் வேலைக்கு 4500 வாட் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு 200 கிலோமீட்டர் போயிருக்கிறோம்! தூக்கியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதை டிரக்கிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பழைய லெட்-ஆசிட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அது முக்கால் பங்கு வேகமாக நிரம்பும், கடைசிப் பகுதி மணிக்கணக்கில் இழுக்கும். அந்தக் கடைசிப் பகுதிக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு. காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, மீதியைச் சோலார் பேனலிடம் விட்டுவிட வேண்டும். இன்னொன்று: சில ஜெனரேட்டர்களில் '12 வோல்ட்' என்று தனியாக ஒரு துளை இருக்கும். 'ஆகா, பேட்டரியை நேரடியாக நிரப்பலாமே' என்று தோன்றும். அதில் வருவது எட்டு ஆம்பியர் அளவுதான். விடிய விடிய ஓட்டினாலும் பெரிய பேட்டரி நிரம்பாது.

அந்தச் சத்தமும் 'டக் டக்'கும் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். சாதாரண ஜெனரேட்டரில் இன்ஜின் சுற்றும் வேகமே கரண்ட்டின் ஃபிரீக்வென்சியைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு இன்ஜின் நிமிடத்துக்கு 3600 முறை சுற்ற வேண்டும். (நம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 3000.) ஒரு செல்போன் மட்டும் சார்ஜ் ஏறினாலும் அதே 3600தான். திடீரென்று சுமை ஏறினால் இன்ஜின் தடுமாறும், ஃபிரீக்வென்சி ஆடும், யு.பி.எஸ். பயந்து பேட்டரிக்குத் தாவும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்ற வகையில் முதலில் வரும் கரண்ட்டை டி.சி. ஆக்கி, பிறகு ஒரு மைக்ரோபிராசஸர் அதை ஒழுங்கான ஏ.சி. அலையாகச் செதுக்கித் தருகிறது. அதனால் சுமை குறைந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றலாம். சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சம்.

'லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துவிடும்' என்று கடைகளில் பயமுறுத்துவார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் எதையும் வாங்கி டி.சி. ஆக்கிவிடும் ஜாதி. யு.பி.எஸ். ஆடிய ஆட்டத்தில் எங்கள் லேப்டாப்கள் அசையவில்லை. கட்டுப்பாடு கெட்டு வோல்ட்டேஜ் எகிறும் ஜெனரேட்டர் என்றால் ஆபத்துதான். டேங்க் காலியாகி இன்ஜின் விக்கி விக்கி நிற்கும் வரை எதையும் சொருகி வைக்காதீர்கள். மற்றபடி இன்வெர்ட்டர் வகையை நான் சிபாரிசு செய்வது பக்கத்து வண்டிக்காரருக்காக.

சத்தத்தின் அளவிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. '52 டெசிபல்' என்று போட்டிருந்தால் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சுமையில் என்று பாருங்கள். பலரும் 23 அடி, அதாவது ஏழு மீட்டர் தள்ளி, கால் பங்கு சுமையில் அளந்த எண்ணைப் போடுகிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும் என்பதால், தூரம் சொல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது.

வாங்கலாம் என்று நான் சொல்வது 2000 வாட் வகை இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். உதாரணத்துக்கு ஹோண்டா இ.யு.2200ஐ. அதிகபட்சம் 2200, தொடர்ந்து 1800 வாட், எடை 21 கிலோ அளவு, ஒரு ஆள் தூக்கலாம். யமஹா முதல் பலரும் இதே வகையில் தருகிறார்கள். ஏ.சி. வேண்டும் என்றால் மட்டும் கணக்கு மாறும். கேரவன் கூரையில் இருப்பது பெரும்பாலும் ஒரு டன்னைவிடச் சற்றுப் பெரிய ஏ.சி. ஓடும்போது 1500 வாட், கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மடங்கு. அதற்கு இரண்டு சின்ன ஜெனரேட்டர்களைக் கேபிளால் இணைத்து ஓட்டலாம். குளிர்காலத்தில் ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். கிளம்பும் வேகத்தைத் தணிக்கும் 'சாஃப்ட் ஸ்டார்ட்' கருவியை ஏ.சி.யில் பொருத்தி ஒரே ஜெனரேட்டரில் சமாளிப்பவர்களும் உண்டு.

லேப்டாப், போன், நாலு விளக்கு, சனி ஞாயிறு மட்டும் பயணம் என்றால் ஜெனரேட்டரே வேண்டாம் என்பேன். 1000 வாட் மணி லித்தியம் பவர் ஸ்டேஷன் ஒன்று 60 வாட் லேப்டாப்பைச் சுமார் 14 மணி நேரம் ஓட்டும். 200 வாட் சோலார் பேனல் ஒன்றும் சேர்த்தால் போதும்.

வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தது பிறகு நடந்த பரிசோதனையில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கம் என்று வரும். தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம். கொண்டுபோகும் ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். இப்போது பல ஜெனரேட்டர்களில் இந்த வாயு சேர்ந்தால் தானே நின்றுவிடும் சென்சார் இருக்கிறது. ஆனால் அது தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் அறியும். காற்று திரும்பி உங்கள் ஜன்னலுக்குள் போவது அதற்குத் தெரியாது. வண்டிக்குள் தனியாக ஒரு அலாரம் கட்டாயம் வேண்டும். மழை பெய்கிறது என்று ஜெனரேட்டரைப் படியருகே இழுத்து வைக்கிறவர்களையும், நம் ஊரில் கடை மாடிப்படிக்குக் கீழே ஓட்டுகிறவர்களையும் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

நண்பர் ஊர் திரும்பியதும் அந்த 4500 வாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு 2200 வாட் ஒன்றை வாங்கினார். கோடையில் குவார்ட்ஸைட் பக்கமே போவதில்லை. ஏ.சி. தேவைப்படாத ஃபிளாக்ஸ்டாஃப் மலைக்குப் போய்விடுகிறார். அங்கே உயரம் 7000 அடி. ஆயிரம் அடிக்கு மூன்று, மூன்றரை சதவீதம் வீதம் இன்ஜினின் சக்தி குறையும் என்பதால் அவருடைய 1800 வாட் அங்கே 1400 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. 800 வாட் சார்ஜருக்கு அது தாராளம். போன மாதம் பேசினோம். காலை எட்டு மணிக்குப் போட்டு பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறாராம். "பத்து மணி மீட்டிங்கில் யாரும் 'அங்கே என்ன சத்தம்'னு கேக்கறதில்லடா" என்றார்.