பெட்ரோல் பங்க் பக்கத்துல வீடு இருக்கா? மண்ணுக்குள் நடக்கும் காவல்... எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். சாலையை ஒட்டி பெட்ரோல் பங்க், பங்கை ஒட்டி கடைகள், கடைகளுக்குப் பின்னால் வீடுகள். ஊர் வளர வளர, ஒதுக்குப்புறமாக இருந்த இடமெல்லாம் குடியிருப்பாக மாறிக்கொண்டிருக்கிறது.

பங்க் பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "தீப்பிடிச்சா என்ன பண்றது?" என்பதுதான். ஆனால் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கு. நிலத்துக்கு அடியில் இருக்கும் தொட்டியோ குழாயோ கசிந்தால், அந்த ஆவி மண் வழியாக ஏறி வீட்டுக்குள் வருமா?

வரலாம். ஆனால் பெரும்பாலும் வருவதில்லை. அதைத் தடுப்பது மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள்.

ஆவி எப்படி வீட்டுக்குள் வரும்?

பங்க்கில் எரிபொருள் இருப்பது தரைக்கு அடியில் புதைத்த தொட்டிகளில். துருப்பிடித்தோ, இணைப்பு தளர்ந்தோ கசிவு ஏற்பட்டால், பெட்ரோல் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரை அடையும். தண்ணீரை விட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதக்கும். ஒரு பகுதி தண்ணீரிலேயே கரையும். இந்த இரண்டில் இருந்தும் ஆவி கிளம்பி, மண் துகள்களுக்கு இடையிலான காற்றுவெளியில் மேலே நகரும். தரையில் விரிசல், குழாய் நுழையும் துளை என எது கிடைத்தாலும் அதன் வழியே உள்ளே வரும்.

இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். இன்னொன்று, காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்தைத் தொட்டாலே ஒரு தீப்பொறி போதும்.

அப்புறம் ஏன் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை?

சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குப் பெட்ரோலிய ஆவி என்பது உணவு. ஆக்சிஜன் இருந்தால் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். ஆவி கீழிருந்து மேலே வரும். ஆக்சிஜன் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், சில அடி மண்ணுக்குள்ளேயே ஆவியின் அளவு பல மடங்கு சரிந்துவிடுகிறது.

கணக்கு எளிது. 1 கிராம் பென்சீனை முழுசாகச் சிதைக்க சுமார் 3 கிராம் ஆக்சிஜன் வேண்டும். மண்ணுக்குள் அந்த ஆக்சிஜன் போய்ச் சேர்ந்தால் பாதுகாப்பு. சேராவிட்டால் ஆபத்து. மொத்த விஷயமும் இதில்தான் நிற்கிறது.

எத்தனை அடி மண் போதும்?

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஒரு அளவு சொல்கிறது. எரிபொருள் நிலத்தடி நீரில் கரைந்த நிலையில் மட்டும் இருந்தால், அதற்கும் கட்டடத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே 6 அடி சுத்தமான மண் இருந்தால் போதும். எரிபொருளே திரவமாக மண்ணிலோ நீரின் மேலோ தேங்கி நின்றால் 15 அடி வேண்டும்.

இது பக்கவாட்டு தூரம் இல்லை. மேலிருந்து கீழாக அளக்கும் தூரம்.

நம்ம ஊர் விதி என்ன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்க்குகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பள்ளி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றில் இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடப் பற்றாக்குறை இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். அப்போதும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது.

இந்த 50 மீட்டர் தரைக்கு மேலே அளப்பது. அதுவும் புதிய பங்க்குகளுக்கு. பழைய பங்க்கைச் சுற்றி முளைத்த வீடுகளுக்கு, காலுக்குக் கீழே இருக்கும் மண்தான் காவல்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மண் எப்படி?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் செம்மண். காற்று எளிதாக இறங்கும் என்பதால் பாக்டீரியாவுக்குச் சாதகம். கிழக்கே போகப் போக விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். கரிசல் நனைந்தால் வீங்கி இறுகிவிடும். ஆக்சிஜன் இறங்க வழியில்லை. கோடையில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆவி மண்ணுக்குள் தங்காமல் வெடிப்பு வழியே நேராக மேலேறும். ரொம்பவும் வறண்ட மண்ணில் பாக்டீரியாவும் சுறுசுறுப்பாக இருக்காது.

மண்ணுக்குக் கீழே கடினப் பாறை. அதன் விரிசலில் எரிபொருள் இறங்கினால் எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பது கஷ்டம். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது, மிதக்கும் எரிபொருளும் கூடவே வீட்டை நெருங்கும்.

இன்னும் மூன்று ஓட்டைகள்:

குறுக்கு வழி: பாதாள சாக்கடை, கேபிள் குழி, பழைய கிணறு, மூடாத போர்வெல். இவற்றில் மண்ணே இல்லை, அதனால் பாக்டீரியாவின் வேலையும் இல்லை. 1992 ஏப்ரல் 22-ல் மெக்சிகோவின் குவாதலஹாராவில் கசிந்த பெட்ரோல் சாக்கடைக்குள் புகுந்து தெருத் தெருவாக வெடித்ததில் 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

சிமென்ட் மூடி: பெரிய மில், கல்யாண மண்டபம் என்று கட்டி, சுற்றிலும் காங்கிரீட் போட்டுவிட்டால் அடியில் ஆக்சிஜன் போகாது.

எத்தனால்: இதுதான் புதுசு. 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பாக்டீரியா எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் மீத்தேன் உருவாகும். அந்த மீத்தேன் மேலே வரும்போது மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். பென்சீன் அப்படியே நிற்கும். அமெரிக்க வழிகாட்டியின் 6 அடி, 15 அடி கணக்கு 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துப் போட்டது. அதை இ20-க்கு அப்படியே பொருத்த முடியாது.

தமிழ்நாட்டில் கசிவு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீடுகளின் போர்வெல் தண்ணீரில் எரிபொருள் கலந்து வந்தது. பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு காரணம் என்று தெரியவந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே விஷயத்தை முதலில் வெளியே கொண்டுவந்தது அந்தப் பகுதி மக்கள் தண்ணீரில் உணர்ந்த வாசனைதான்.

மக்கள் என்ன செய்யலாம்?

கிணறு, போர்வெல், கழிவுநீர்த் தொட்டி, தரைத்தளம் எங்காவது பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியம் வேண்டாம். சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. மோட்டாரை இயக்க வேண்டாம். தீக்குச்சி கூடவே கூடாது. ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்கக் கேட்கலாம்.

பங்க் பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறவர்கள் நிலத்தடி அறையைத் தவிர்ப்பது நல்லது. பயன்படாத போர்வெல்லை முறையாக மூடுங்கள். தரைக்குள் குழாய் நுழையும் இடங்களை அடைத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றி கொஞ்சம் வெறும் மண்ணையும் விட்டுவைங்க. பாக்டீரியா மூச்சுவிட அதுதான் வழி.

மண் நிறைய மன்னிக்கும், உண்மைதான். ஆனால் அதை நம்பித் தொட்டிகளைச் சோதிக்காமல் விட முடியாது. பாக்டீரியாவால் ஆவியைத் தடுக்க முடியும். கசிவை நிறுத்த முடியாது. அது தொட்டியை வைத்திருப்பவர்களும், அதைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரிகளும் செய்ய வேண்டிய வேலை.